504 பிளான் தாளில் இருக்கிறது, வகுப்பில் நடக்கவில்லை: அமெரிக்கப் பள்ளிகளில் ஏடிஹெச்டி பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குறைபாடுள்ள பிள்ளைக்கு வகுப்பில் தர வேண்டிய உதவிகளைப் பட்டியலிடும் திட்டம்தான் 504 பிளான். செப்டம்பரில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அது, நவம்பர் வருவதற்குள் யாருக்கும் நினைவில்லாமல் போவது அமெரிக்கப் பள்ளிகளில் சர்வசாதாரணம். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, உள்ள பிள்ளை கணக்குத் தேர்வில் பாதியை எழுதாமல் கொடுத்துவிட்டு வருகிறான். "எக்ஸ்ட்ரா டைம் குடுக்கலையா?" என்றால், "யாரும் சொல்லல" என்கிறான். ஆசிரியரிடம் போனால், "அவன் கேட்கவே இல்லையே" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. கூடுதல் நேரம் தரும் வேலை யாருடையது, எப்போது என்று அந்தத் திட்டத்தில் எழுதவில்லை. அதனால் யாரும் செய்யவில்லை.

வேண்டுமென்றே திட்டத்தை மீறும் ஆசிரியர்கள் உண்டு, ஆனால் குறைவு. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஒரு ஹைஸ்கூல் ஆசிரியரிடம் பத்துப் பதினைந்து திட்டங்கள் இருக்கும். அவற்றில் தெளிவாக எழுதப்பட்டதும், யாராவது அடிக்கடி விசாரிப்பதும் மட்டுமே நடக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சாதிப்பதற்கான வழிகள்.

படி 1: உங்கள் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

அரசுப் பள்ளிகளில் ஏடிஹெச்டி பிள்ளைக்கு இரண்டு சட்டப் பாதைகள் உண்டு. ஒன்று, 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. 504 பிளான் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இன்னொன்று ஐடியா எனப்படும் சிறப்புக் கல்விச் சட்டம். அதன் கீழ் கிடைப்பது ஐஇபி என்ற தனிநபர் கல்வித் திட்டம். ஐஇபி-யில் ஏடிஹெச்டி பெரும்பாலும் 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற வகையில் வரும்.

இரண்டிலும் எழுதியதைப் பள்ளி செய்தே ஆக வேண்டும். தனக்குப் பிடிக்கவில்லை என்று எந்த ஆசிரியரும் விலகிக்கொள்ள முடியாது. ஆனால் பிடிமானத்தில் வித்தியாசம் இருக்கிறது. ஐஇபி எழுத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அது எட்ட வேண்டும், அவரவர் பொறுப்பு என்ன என்பதும் அவரவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று மத்திய விதியே சொல்கிறது. 504-க்கான மத்திய விதிகள் அவ்வளவு விரிவானவை அல்ல. திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட அவை கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) எழுதித்தான் தருகின்றன. உங்களுக்குத் தராவிட்டால், கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "முறையான திட்டமெல்லாம் எதற்கு, நாங்களே வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆசிரியர் அன்பாகச் சொல்வார். பிள்ளையின் ரெக்கார்டில் எதுவும் ஏறாது என்று நாமும் நிம்மதியாக வந்துவிடுவோம். அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வருவார், அவருக்கு எந்தக் கடமையும் இருக்காது. இந்த நிலையில் இருந்தால், 504 மதிப்பீடு வேண்டும் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு மருத்துவரின் சான்று அவசியம் என்று பள்ளி கருதினால், அதற்கான செலவைப் பெற்றோர் தலையில் கட்டக்கூடாது.

படி 2: வார்த்தைகளைத் திருத்துங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றப் படிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இதைச் சுருக்காதீர்கள். திட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்று இது நடந்ததா இல்லையா என்று ஒரு மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரி நடக்காது.

"தேவைப்படும்போது கூடுதல் நேரம்." தேவை என்று தீர்மானிப்பது யார்? இப்படி மாற்றுங்கள்: "எல்லாத் தேர்வுகளிலும் குவிஸ்களிலும் ஒன்றரை மடங்கு நேரம். மாணவர் கேட்க வேண்டியதில்லை. மீதி நேரத்தை எங்கே, எப்போது எழுதுவது என்பதை ஆசிரியர் முந்தைய நாளே மாணவரிடம் சொல்வார்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய பிள்ளைக்கு, இடமும் பொழுதும் சொல்லாமல் தரும் கூடுதல் நேரம் வெறும் காகித நேரம்.

"பொருத்தமான இருக்கை." முன்வரிசை என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது சரி. வேறு சிலர், முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஓரமாக, எழுந்து நிற்க முடிகிற இடம் தேவை. கதவு, ஜன்னல், பென்சில் சீவும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஆசிரியர் பாடம் நடத்தும் பக்கத்துக்கு அருகே என்று எழுதுங்கள்.

"கவனத்தைத் திருப்புதல்." வகுப்பே கேட்க "அர்ஜுன், ஃபோகஸ்!" என்று கத்துவதும் கவனத்தைத் திருப்புவதுதான். மேசையைத் தொட்டுச் செல்வது போல, பிள்ளையும் ஆசிரியரும் பேசி வைத்துக்கொண்ட ரகசியக் குறிப்பு என்று எழுதுங்கள்.

"பெரிய வேலைகளைப் பிரித்துத் தருதல்." ஒரு வாரத்துக்கு மேல் நீளும் எந்த புராஜெக்ட்டுக்கும் குறைந்தது மூன்று இடைக்காலத் தேதிகள், அவை வகுப்பின் இணையப் பக்கத்தில் பதிவாக வேண்டும் என்று எழுதினால், நடந்ததா என்பதை நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

"பிளானரைச் சரிபார்த்தல்." யார்? எந்தப் பீரியடில்? சுருக்கொப்பம் உண்டா?

"மாணவர் கேட்டால்" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் நிறுத்துங்கள். ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும், சரியான நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவதும்தான் ஏடிஹெச்டி பிள்ளைக்கு வராத காரியங்கள். வராத காரியத்தையே உதவிக்கு நுழைவுச்சீட்டாக வைத்தால் அந்த உதவி கிடைக்காது. தனக்காகக் கேட்கப் பழக வேண்டும் என்பது நல்ல இலக்குதான். அதைத் தனி இலக்காக எழுதிக்கொள்ளட்டும்.

நீளமான பட்டியலைக் கண்டு மயங்க வேண்டாம். மென்பொருளில் டிக் அடித்து உருவாகும் இருபது வரித் திட்டங்களில் பல வரிகள் உங்கள் பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாதவை. உண்மையில் உதவுகிற ஐந்தாறு வரிகளை வைத்துக்கொண்டு அவற்றைக் கூர்மையாக்குவது நல்லது என்பது என் கருத்து. இருபதையும் ஆசிரியர் படிக்க மாட்டார், ஆறைப் படிப்பார்.

மாநிலத் தேர்வுகளுக்கும் ஏற்பாடு வேண்டுமென்றால் அதுவும் திட்டத்தில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். வகுப்பில் தினமும் தருவதை அங்கே தாமாகத் தந்துவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 3: எல்லா ஆசிரியர்களுக்கும் போய்ச் சேர்ந்ததா?

பள்ளி திறக்கும் வாரத்தில் 504 பொறுப்பாளருக்கோ, ஐஇபி-யைக் கவனிக்கும் கேஸ் மேனேஜருக்கோ ஒரு வரி மின்னஞ்சல்: "எல்லா ஆசிரியர்களும் திட்டத்தைப் பெற்றுவிட்டார்களா, எந்தத் தேதியில்?" பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். செமஸ்டர் மாறும்போது பாதி ஆசிரியர்கள் மாறுவார்கள். அப்போதும் இதே கேள்வி. உடற்கல்வி, இசை, மாற்று ஆசிரியர், உணவு அறை ஆகியவை எப்போதும் விட்டுப்போகும் இடங்கள்.

கூடவே நீங்களே ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து ஆசிரியர்களுக்கு அனுப்பலாம்: பிள்ளைக்கு எது பிடிக்கும், எப்போது திணறுவான், திட்டத்தின் ஐந்தாறு முக்கிய வரிகள். சட்டப்படி இதற்கு எந்த எடையும் இல்லை. ஆனால் ஆசிரியர் மேசையில் இருக்கப்போவது அதுதான்.

படி 4: பதிவு வைத்துக்கொள்ளுங்கள்

"எப்பவுமே தருவதில்லை" என்ற புகாரைப் பள்ளி எளிதாகத் தள்ளிவிடும். "அக்டோபர் 3, 10, 17 தேதிகளின் அறிவியல் குவிஸ்களில் கூடுதல் நேரம் இல்லை; மூன்றிலும் கடைசிக் கேள்விகள் காலி" என்பதைத் தள்ள முடியாது. தேதி, பாடம், திட்டத்தின் எந்த வரி, என்ன நடந்தது என்று நான்கே கட்டங்கள் போதும். திரும்பி வரும் தேர்வுத்தாள்களைப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பெண் போர்ட்டலில் 'மிஸ்ஸிங்' என்று வருவதை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பின்னால் அது மாறிவிடும். கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை ஃபெர்பா சட்டத்தின் கீழ் உங்களுக்கு உண்டு. கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும்.

பிள்ளையிடம் போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். "இன்னிக்கு டெஸ்ட் எங்க உக்காந்து எழுதின?" என்றாலே பாதித் தகவல் வந்துவிடும்.

சில சமயம் வேறொன்று தெரியவரும். ஆசிரியர் தருகிறார், பிள்ளைதான் மறுக்கிறான், எல்லோர் முன்னாலும் எழுந்து தனி அறைக்குப் போக வெட்கம். ஏழாம் வகுப்பிலிருந்து இது மிகவும் சகஜம். இங்கே ஆசிரியர்மீது கோபப்பட்டுப் பயனில்லை, தரும் முறையை மாற்ற வேண்டும்: தொடக்கத்திலிருந்தே வேறு அறையில் எழுதுவது, கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, தேர்வை இரண்டு நாளாகப் பிரிப்பது. மாற்றத்தைத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 5: முதல் மின்னஞ்சல்

நம் வீடுகளில் ஆசிரியர் என்றால் ஒரு தயக்கம். அதனால் இரண்டில் ஒன்று நடக்கும்: மாதக்கணக்கில் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்வோம், அல்லது பொறுமை போன ஒரு நாளில் நேரே பிரின்சிபாலிடம் போய் வெடிப்போம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆசிரியருக்கு எழுதுங்கள், கேஸ் மேனேஜருக்கும் நகல் போடுங்கள். உள்ளடக்கம் இந்த வரிசையில் இருக்கட்டும், அனுப்புவது ஆங்கிலத்தில்:

"வணக்கம். என் மகனின் 504 திட்டத்தில் இரண்டாவது ஏற்பாடு, எல்லா குவிஸ்களிலும் ஒன்றரை மடங்கு நேரம். அக்டோபர் 3, 10, 17 தேதிகளில் அது கிடைக்கவில்லை என்று அவன் சொல்கிறான். எனக்கு முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா? இனி வரும் குவிஸ்களில் மீதி நேரம் எங்கே, எப்போது தரப்படும்? அந்த மூன்று குவிஸ்களையும் முழு நேரத்தில் மீண்டும் எழுத வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

குற்றச்சாட்டு இல்லை. வரி எண், தேதிகள், இரண்டு கேள்விகள், ஒரு பரிகாரம், ஒரு கெடு. நடந்துபோன இழப்பைச் சரிசெய்யக் கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இனிமேல் தருகிறோம் என்ற உறுதி, ஏற்கெனவே விழுந்த சி கிரேடைத் திருத்தாது.

தொலைபேசியிலோ காரிடாரிலோ ஏதாவது பேசி முடிவானால், அன்று மாலையே, "இன்று நாம் பேசியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எழுத்தாகிவிடும்.

படி 6: கூட்டம் கேளுங்கள்

மின்னஞ்சலுக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் 504 அல்லது ஐஇபி கூட்டம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டு மறுஆய்வு வரை காத்திருக்கத் தேவையில்லை. தாத்தா பாட்டியோ, ஆங்கிலத்தில் சரளமில்லாத பெற்றோரோ பொறுப்பில் இருந்தால் பள்ளி தன் செலவில் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். முன்கூட்டியே கேளுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருபவர் பேச வேண்டியதில்லை, குறிப்பெடுத்தால் போதும்.

அங்கே வழக்கமாக வரும் பதில்கள் சில உண்டு.

"மார்க்கெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது." நல்ல மதிப்பெண் எடுப்பதாலேயே ஒரு பிள்ளைக்கு 504 பாதுகாப்பை மறுக்க முடியாது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம், ஓசிஆர், 2016 ஜூலையில் ஏடிஹெச்டி குறித்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஊனமுற்றோர் சட்டத்துக்கு 2008-இல் வந்த திருத்தத்தின்படி, மருந்து சாப்பிட்டுச் சமாளிக்கிறான் என்பதும் காரணம் ஆகாது; மருந்தில்லாத நிலையை வைத்தே குறைபாட்டை எடைபோட வேண்டும். பி பிளஸ் வாங்குவதற்கு அவன் தினமும் இரவு பதினொரு மணி வரை அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிறான் என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் இந்தக் கூட்டம். நம்மவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், குடும்ப விஷயம் என்று விட்டுவிடுவார்கள்.

"இது ஹானர்ஸ் வகுப்பு, இங்கே சலுகை கிடையாது." தவறு. ஹானர்ஸ் போன்ற மேம்பட்ட பாட வகுப்பில் சேர ஏற்பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. ஓசிஆர் 2007 டிசம்பரிலேயே இது பற்றிப் பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

"மற்றப் பிள்ளைகளுக்கு நியாயமில்லை." இதற்கு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். "அதைத் திட்டக்குழு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. எப்படி நடைமுறைப்படுத்துவது என்று பேசலாமா?" என்று திருப்பிவிடுங்கள்.

"ஆள் இல்லை." அனுதாபப்படலாம், ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. திட்டத்தை நிறைவேற்றும் கடமையிலிருந்து பள்ளியை ஆள் பற்றாக்குறை விடுவிக்காது.

ஐஇபி கூட்டத்தில் நீங்கள் கேட்டதை மறுத்தால், காரணத்தோடு எழுத்துமூல முன்னறிவிப்புத் தருமாறு கேளுங்கள், தந்தாக வேண்டும். மறுப்பை எழுதித் தரச் சொன்ன உடனே சில மறுப்புகள் ஆவியாகிவிடுவதும் உண்டு. 504 கூட்டத்திலும் இதே போல் எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

வெளியே வருவதற்கு முன் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேஸ் மேனேஜர் நான்கு வரி அனுப்பினாலே போதும்.

இடையில் ஒன்று: சஸ்பென்ஷன் வந்தால்

ஐஇபி உள்ள பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் விலக்கி வைக்க முடிவெடுத்தால், நடத்தைக்கும் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் கூட்டத்தை 10 பள்ளி நாட்களுக்குள் நடத்த வேண்டும். அங்கே கேட்கப்படும் இரண்டு கேள்விகளில் ஒன்று: பள்ளி ஐஇபி-யை நடைமுறைப்படுத்தாததன் நேரடி விளைவா இந்த நடத்தை? ஆம் என்றால் அது குறைபாட்டின் வெளிப்பாடாகவே கருதப்படும், விதிவிலக்கான சில குற்றங்கள் தவிரப் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்பலாம். நீங்கள் வைத்திருக்கும் நான்கு கட்டப் பதிவேடு அன்றைக்குத்தான் உண்மையான மதிப்பைக் காட்டும்.

படி 7: பள்ளிக்கு மேலே

பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் கொண்ட மாவட்டங்களில் 504 ஒருங்கிணைப்பாளர் ஒருவரும், புகார் நடைமுறையும் இருக்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள். பிரின்சிபாலுக்குத் தெரியாத சட்டம் இவருக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான சிக்கல்கள் இந்தக் கட்டத்தில் தீர்ந்துவிடும். 504-இன் கீழ் நடுநிலையான விசாரணை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, வழக்கறிஞரோடு வரலாம்.

அடுத்தது ஓசிஆர் புகார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்தில் அனுப்பலாம். சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். மாவட்டத்தின் பதிலுக்காகக் காத்திருந்து இந்த கெடுவைக் கோட்டைவிடாதீர்கள். ஆனால் 2025 மார்ச்சில் ஓசிஆரின் 12 பிராந்திய அலுவலகங்களில் ஏழை மூடுவதாக அறிவிப்பு வந்ததை நினைவில் வையுங்கள். விரைவான தீர்வை அங்கிருந்து எதிர்பார்த்து மற்ற வழிகளை நிறுத்திவைக்க வேண்டாம்.

ஐஇபி இருந்தால் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் அனுப்பும் வழி இருக்கிறது. திட்டத்தில் எழுதியதைச் செய்யவில்லை என்ற வகைப் பிரச்சினைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கடந்த ஓராண்டுக்குள் நடந்தவற்றைப் புகார் செய்யலாம். பொதுவாக 60 நாட்களுக்குள் முடிவு எழுத்தில் வரும். பிள்ளை இழந்ததை ஈடுகட்டும் சேவைகளுக்கும் உத்தரவிடலாம். டியூ பிராசஸ் எனப்படும் முறையான விசாரணைக்குப் பொதுவாக இரண்டாண்டு வரம்பு உண்டு. அது கிட்டத்தட்ட ஒரு வழக்குதான், செலவும் அலைச்சலும் அதிகம். அதற்கு முன் மத்தியஸ்தம் கேட்கலாம், அதற்குப் பெற்றோருக்குச் செலவில்லை.

நீதிமன்றம் வெகுதூரம். இருந்தாலும் ஒரு மாற்றம் தெரிந்திருக்கட்டும். 2025 ஜூன் 12 அன்று 'ஏ.ஜே.டி. எதிர் ஒசியோ ஏரியா ஸ்கூல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: 504 பிரிவின் கீழும் ஊனமுற்றோர் சட்டத்தின் கீழும் பள்ளிமீது வழக்குத் தொடுக்கும் மாணவர், பள்ளி கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகச் சில மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வைத்திருந்த உயரமான தடை அதோடு போனது.

ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் குறைந்தது ஒன்று இருக்கிறது. கடிதத்தைச் சரிபார்த்துத் தருவார்கள், எந்தப் படிவம் என்று சொல்வார்கள், காசு கேட்க மாட்டார்கள். வழக்கறிஞரைத் தேடும் முன் இங்கே போங்கள்.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பலர் தயங்குகிறார்கள். உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்குவது சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு, அதையும் ஓசிஆரிடம் எடுத்துப்போகலாம். பெற்றோரின் விசா நிலை எதுவானாலும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

தனியார் பள்ளி என்றால் கணக்கு வேறு. மத்திய நிதி பெறும் பள்ளிகளை 504 கட்டுப்படுத்தும், அதுவும் அரசுப் பள்ளி அளவுக்கு இல்லை. சேரும் முன்பே ஏற்பாடுகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: ஹைஸ்கூலின் கடைசி ஆண்டுகள்

பள்ளியில் 504 இருந்தாலும் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் எஸ்ஏடி, ஏபி தேர்வுகளுக்கு, அவற்றை நடத்தும் காலேஜ் போர்டின் அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். ஒருமுறை கிடைத்தால் இரண்டுக்கும் செல்லும். ஏழு வாரம் வரை ஆகலாம் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியின் பொறுப்பாளரிடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் அந்த ஏற்பாட்டை உண்மையில் பயன்படுத்துகிறானா என்றும் பார்ப்பார்கள். தாளில் மட்டும் இருந்த திட்டம் இங்கே அடி வாங்கும்.

கல்லூரியில் ஐஇபி செல்லாது. 504 பாதுகாப்பு தொடரும், ஆனால் ஊனமுற்றோர் சேவை அலுவலகத்துக்குப் போய் மாணவரே கேட்க வேண்டும். பெற்றோர் எழுதும் மின்னஞ்சலுக்கு அங்கே பதில் வராது. பத்தாம் வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டங்களில் உட்கார வையுங்கள். பதினொன்றில், கூடுதல் நேரம் பற்றிய மின்னஞ்சலை அவனே எழுதட்டும், நீங்கள் நகலில் இருங்கள். பன்னிரண்டில் நகலிலிருந்தும் விலகிவிடுங்கள்.